மணிமொழி டீச்சரும் வாலில்லாத சொல்லும்

மணிமொழி டீச்சர் பயந்து ஓடினாள் என்று கல்வராயன் மலையில் யாரும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு நாள்தான் ஓடினாள். அதுவும் ஊரை விட்டு ஓடவில்லை, ஊருக்குள்ளே ஓடினாள். அந்தக் கதைதான் இது.

பிறந்தது சின்னசேலத்தில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலி. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டு, மறுபடி எழுதித் தேறினாள். அந்த மார்க் சீட்டு வருவதற்குள்ளேயே சேகோ மில்லில் சேர்த்துவிட்டார்கள். மரவள்ளி மாவைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைக்கிற வேலை. வெயில் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பி வந்து கண்ணைக் குத்தும். ஏழு வருஷம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே வேலை செய்தவள், இன்றைக்கும் நிழலில் நின்றால்கூட எதையோ சந்தேகப்படுகிற மாதிரிதான் இருப்பாள். மலையிலிருந்து கிழங்கு லோடு ஏற்றிவந்த வெற்றிவேல் அந்த முகத்தைப் பார்த்துத்தான், "இன்னாமே, என்னைத் திருடன்னு நெனச்சிக்கினியா?" என்று பேச்சையே ஆரம்பித்தான். கல்யாணம் முடிந்து அவனோடு வெள்ளிமலைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து, ஊஞ்சக்காட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஊஞ்சக்காடு வெள்ளிமலைக்கு மேலே இருக்கிற சின்ன ஊர். நாற்பது வீடு. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை மைல் ஏறவேண்டும். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மணிமொழி ஒத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கொடுத்தது பழைய ரேஷன் சாமான் வைத்திருந்த ஒரு அறை. ஒரு கதவு, கம்பி வலை அடித்த ஒரு சன்னல். கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விட்டன. எழுத்து தெரிந்த பிள்ளைக்கும் சொல்லைச் சேர்த்து வாக்கியமாக்கத் தெரியவில்லை. ஒரு நாள் டீத்தூள் அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொல் எழுதி, அறைக்குக் குறுக்கே கொடிக்கயிறு கட்டித் துணி கிளிப்பால் மாட்டிவிட்டாள். மாட்டுகிற வேலை பிள்ளைகளுடையது. அன்றையிலிருந்து அந்த அறையில் கொட்டாவி கிடையாது.

ஒரு பயல், 'பூனை பாலைக் குடித்தது' என்று மாட்டவேண்டியதை, 'பால் பூனையைக் குடித்தது' என்று மாட்டிவிட்டு மார்பை நிமிர்த்தி நிற்பான்.

"டேய், பூனைய எப்பிடிடா பாலு குடிக்கும்?"

"ஜாஸ்தி பாலா இருந்தா குடிக்கும் டீச்சர். எங்க பூனை குண்டான்ல வுழுந்து செத்துப் பூட்ச்சு."

மணிமொழி கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுவாள்.

இதில் அவள் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. வினைச்சொல்லைக் கடைசி எழுத்து இல்லாமல் அட்டையில் எழுதினாள். வந்தா. போனா. பாடினா. கடைசி எழுத்தைச் சோடா மூடியில் எழுதி, ஆணியால் ஓட்டை போட்டுக் கம்பிக் கொக்கி மாட்டினாள். 'ன்' மாட்டினால் வந்தான். 'ள்' மாட்டினால் வந்தாள். பெரியவர்களுக்கு 'ர்' மாட்டினால் வந்தார். பிள்ளைகள் அந்த மூடிக்கு வால் என்று பேர் வைத்தன. "டீச்சர், மாமாவுக்கு இன்னா வாலு?" என்று கேட்டுக் கேட்டு மாட்டும். தனி எழுத்துகளும் மூடியில் உண்டு. க, த, வ என்று ஒரு டப்பா நிறைய. பக்கத்தில் போடுகிற காலுக்குத் தனி மூடி. கொம்பு இன்னும் நடத்தவில்லை. கொம்பு எழுதிய மூடிகளை மட்டும் துணிப்பையில் போட்டு, வாயை இறுக முடிந்து, மேலே பரணில் வைத்திருந்தாள்.

வகுப்பில் பதினேழு பிள்ளைகள். அதில் எழில்மதி என்று ஒன்று. ஏழு வயது. பேச்சு கம்மி. அவளுடைய அப்பா இருசப்பன், போன வருஷம் ஆனியில், ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போனவன். மேஸ்திரி ஒருத்தன் வந்து ஆள் சேர்த்தான். ஊஞ்சக்காட்டிலிருந்து ஐந்து பேர் போனார்கள். தீபாவளிக்கு மூன்று பேர் திரும்பினார்கள். இருசப்பனும் தங்கதுரையும் திரும்பவில்லை. கேட்டால், "காட்டுல பிரிஞ்சிட்டோம், ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

இருசப்பனின் பெண்டாட்டி பாப்பாத்தி கைநாட்டு. வயது முப்பது இருக்கும். சாமை குத்துவாள், கடுக்காய் பொறுக்குவாள், கிழங்குக் காட்டுக்குக் களை எடுக்கப் போவாள். அவள் வீடுதான் ஊரின் கடைசி வீடு. அதற்கப்புறம் காடு. கரடி வருகிற இடம் என்பதால் பொழுது சாய்ந்ததும் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். புருஷன் உயிரோடுதான் இருக்கிறான் என்பது அவள் பிடிவாதம். இருசப்பனுக்கு அண்ணன் சின்னக்கண்ணு, டீக்கடை வைத்து, வீடுகளுக்குப் பாலும் ஊற்றுபவன், "பதினாறு மாசம் ஆச்சு. காரியத்தைப் பண்ணிடலாம். ஆத்மா அலையக் கூடாது" என்று நாலு பேர் எதிரில் சொல்லிப் பார்த்தான்.

"உன் தம்பி செத்தத நீ பாத்தியா மாமா?"

"பாக்கல."

"அப்ப வாய மூடிக்கினு டீய ஆத்து."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. காரியம் செய்வதா, காத்திருப்பதா என்பது பாப்பாத்தி கையில் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

கார்த்திகை மாதம். மலையில் பனிமூட்டம் காலை ஒன்பது மணி வரைக்கும் விலகாத நாட்கள். ஒரு திங்கட்கிழமை மணிமொழி பூட்டைத் திறந்து உள்ளே போனாள். சனிக்கிழமை மத்தியானம் அவள் கொடியில் விட்டுப்போனது, 'செவலை மாடு புல் தின்றது.' அந்த நாலு அட்டையும் கீழே, சுவரோரம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. கொடியில் இரண்டே அட்டை.

அப்பா வந்தா

வந்தாவுக்கு வால் இல்லை. 'ர்' மூடியைத் தேடினாள். மூன்று 'ர்' மூடி இருக்கவேண்டும். ஒன்றுகூட இல்லை.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவள் இடுப்பில்தான். சன்னல் வலையில் கீழ்மூலை கொஞ்சம் பிய்ந்திருந்தது. பூனை நுழையலாம், ஒல்லியாக இருந்தால் ஒரு பிள்ளையும் நுழையலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். யார் செய்தது என்றும் அவளே முடிவு கட்டினாள். அப்பாவுக்கு ஏங்குகிற பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுதானே.

"எழிலு, நீயா மாட்டின?"

எழில்மதி கொடியையே பார்த்தாள்.

"நல்லாத்தான் மாட்டியிருக்க. வாலத்தான் வுட்டுட்ட. அப்பாவுக்கு இன்னா வாலு?"

"ர்ர்ர்" என்று மற்ற பதினாறும் கத்தின. மணிமொழி புதிதாக ஒரு மூடியில் எழுதி மாட்டினாள். அப்பா வந்தார். எல்லாரும் சேர்ந்து படித்தார்கள். எழில்மதி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் இறங்கும்போது பாப்பாத்தி தண்ணிக் குடத்தோடு எதிரே வந்தாள். மணிமொழிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நல்ல சேதி என்றுதான் நினைத்தாள்.

"பாப்பாத்தி, உம் பொண்ணு இன்னிக்கு முழு வாக்கியம் மாட்டியிருக்குது. 'அப்பா வந்தார்'னு."

பாப்பாத்தி குடத்தை இறக்கி வைத்தாள். "வந்தார்னா? வருவார்னு இல்லையா?"

"இல்ல, வந்தார்னுதான்."

"புள்ள வாக்கு யக்கா" என்றாள் பாப்பாத்தி. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் மணிமொழிக்கு என்னவோ போல ஆகிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி. நேற்று மாட்டிய 'ர்' மூடி காணோம். 'அப்பா வந்தா' அப்படியே இருந்தது. பக்கத்தில் சோடா மூடியில் மூன்று எழுத்து. க. த. வ.

கதவு என்று எழுத வந்து, கடைசியைக் கோட்டை விட்டிருக்கிறது என்று நினைத்தாள். திருத்துவது அவளுக்குப் பழக்கமாகிப் போயிருந்தது. வாலை மாட்டினாள், 'வ'வை 'வு' ஆக்கினாள். யார் மாட்டியது என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடும், தானாக எழுதுகிற பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டாள். அதையே அன்றைய பாடமாக்கினாள்.

"அப்பா வந்தார். கதவு... அப்புறம் இன்னா? ஆளுக்கு ஒரு அட்டை எடுங்க."

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு எடுத்தன. கயிறு பத்தவில்லை. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. முடிவில் ஒரு முழுக் கதை ஆயிற்று. அப்பா வந்தார். கதவைத் தட்டினார். அம்மா கதவைத் திறந்தாள். அப்பா உள்ளே வந்தார்.

பிள்ளைகளுக்கு அது பாட்டாகிப் போனது. ஆட்டுக்குப் போகிறபோதும் அதே, தண்ணிக்குப் போகிறபோதும் அதே. சின்னக்கண்ணு டீக்கடையிலிருந்து கத்தினான். "இன்னா டீச்சரு, ஊருக்கே கதவத் தொறக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்க? கரடிக்குத் தமிழ் தெரியும், பாத்துக்கங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மணிமொழியும் சிரித்தாள்.

புதனன்று கொடியில் புதிதாக எதுவும் சேரவில்லை. ஆனால் 'ர்' போயிருந்தது. 'வு' மறுபடி 'வ' ஆகியிருந்தது. அவள் திருத்தியதை யாரோ திருத்தியிருந்தார்கள். சன்னல் வலைக்கு அட்டை வைத்து ஆணி அடித்தாள். பிள்ளைகளை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பினாள். வியாழக்கிழமை கள்ளக்குறிச்சியில் தொண்டு நிறுவனத்தின் மாதக் கூட்டம். அன்று வகுப்பு இல்லை. கூட்டத்தில் அவள் என்ன பேசினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி ஆறே முக்காலுக்கு ஊஞ்சக்காட்டுக்கு மேலேறினாள். மூட்டம் கை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு. பூட்டைத் தொட்டால் பனித்தண்ணி. திறந்தாள். சன்னல் அட்டை ஆணியோடு அப்படியே இருந்தது.

அப்பா வந்தா கதவ தொறக்காத

அவள் கை தானாகச் சோடா மூடி டப்பாவுக்குப் போனது. 'தொறக்காத' தப்பு, 'திறக்காதே' என்று இருக்கவேண்டும். 'தி' மூடியைக் கையில் எடுத்தும் விட்டாள். அப்போதுதான் கை நின்றது.

அது தப்பு இல்லை. அது பேச்சு. ஊரில் வாயால் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறது. அப்படியானால் கதவ என்பதும் பேச்சு, கதவு இல்லை. வந்தா என்பதும் பேச்சுதான். அதில் வால் விட்டுப்போகவே இல்லை. அப்பா வந்தார் என்று யாரும் எழுதவில்லை. அப்பா வந்தால் என்று எழுதியிருக்கிறது. அதற்குத்தான் அவள் தினம் தினம் ஒரு வாலை மாட்டி, வந்தார் வந்தார் என்று ஊர் முழுக்கப் பாட வைத்தாள்.

நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். 'தொ' எழுதக் கொம்பு வேண்டும். பரணில் துணிப்பை இருந்தது. அவள் போட்ட முடிச்சு, அவள் போட்டபடியே இறுக்கமாக இருந்தது. பையைத் தடவி எண்ணினாள். பன்னிரண்டு கொம்பில் பதினொன்றுதான் உள்ளே இருந்தது.

ஓடினாள்.

பாப்பாத்தி வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. வாசலில் கழுவிக் கவிழ்த்த தட்டும் சொம்பும். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கோழிக் குழம்பு வாசம். காலை ஏழு மணிக்குக் கோழிக் குழம்பு. எழில்மதி உள்மூலையில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

மணிமொழி உள்ளே நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"இன்னா யக்கா, ஏன் மூடறீங்க? தொறங்க" என்று எழுந்தாள் பாப்பாத்தி. கண் சிவந்திருந்தது. இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "அவரு வந்துக்கினு இருக்காரு. புதங்கெழம பொழுது சாய நேரம் ஓடைக்கு அந்தாண்ட நின்னு கூப்ட்டாரு. நேத்து களத்துமேட்டுல. கொரலு அவருதுதான். கால் முடியல போல, மெதுவாத்தான் வராரு."

"நீ போயிப் பாத்தியா?"

"போனேன். மூட்டத்துல ஆளு தெரியல. நான் கிட்டப் போனா கொரலு நின்னுடுது. அதான் கதவத் தொறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"பாப்பாத்தி, நான் தப்பாப் படிச்சிட்டேன்."

"இன்னா?"

"அப்பா வந்தார்னு எழுதியிருக்கலடி. அப்பா வந்தா, கதவத் தொறக்காத. அதான் எழுதியிருக்குது. முழுசா இன்னிக்குத்தான் வந்திச்சு."

பாப்பாத்தி அவளை வெறித்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள், படிக்கத் தெரிந்தவளைப் பார்த்த பார்வை அது. "நீங்கதான யக்கா வந்தார்னீங்க? ஊரே பாடுச்சே?"

"நான்தான் சொன்னேன். எம்மேலதான் தப்பு."

"அப்ப இதுவும் தப்பாப் படிச்சிருக்க மாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்?"

மணிமொழி மூலையில் இருந்த பிள்ளையிடம் திரும்பினாள். "எழிலு, நெசத்தச் சொல்லு. நீதான மாட்டின?"

"எனக்குக் கொம்பு தெரியாது டீச்சர்" என்றாள் எழில்மதி. "நீங்க இன்னும் கொம்பு நடத்தல."

அப்போது வெளியே கேட்டது.

"பாப்பாத்தி."

சத்தமாக இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், ஆள் நிற்கிற உயரத்தில், வாயைக் கதவோடு வைத்துக்கொண்டு கூப்பிட்ட மாதிரி. ஊர் நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

பாப்பாத்தி தாழ்ப்பாளில் கை வைத்தாள். மணிமொழி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குளுருது. கதவத் தொற."

"அவருதான்" என்று பாப்பாத்தி முணுமுணுத்தாள். கண்ணீர் வழிந்தது. "யக்கா, வுடுங்க. அவருதான். வெளிய நிக்கிறாரு. குளுருதுன்றாரு."

"ஒண்ணே ஒண்ணு கேளு. ஏதாச்சும் கேளு. அப்பறம் தொற."

பாப்பாத்தி கதவோடு முகத்தை வைத்தாள். "இத்தினி நாளு எங்க இருந்த?"

பதில் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"பாப்பாத்தி. குளுருது. கதவத் தொற."

"தங்கதுரை எங்க? உங்கூட வந்தானா?"

அதே இடைவெளி. "பாப்பாத்தி. குளுருது. கதவத் தொற."

ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. முதல் தடவை எப்படிச் சொன்னதோ அப்படியே. மணிமொழிக்குத் தன் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. மூன்று அட்டை மட்டும் கையில் இருக்கிற பிள்ளை, என்ன கேட்டாலும் அந்த மூன்றையே மறுபடி மறுபடி மாட்டும். இதற்கும் அவ்வளவுதான் இருந்தது.

பாப்பாத்தி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உம் பொண்ணக் கூப்புடு. அவ பேரச் சொல்லிக் கூப்புடு."

வெளியே ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. ஓட்டு நுனியிலிருந்து பனித்தண்ணி சொட்டுகிற சத்தம் மட்டும்.

"பாப்பாத்தி" என்றது.

"அவரு வாசல்ல நின்னு ஒரு நாளும் எம் பேரச் சொன்னதில்ல" என்றாள் பாப்பாத்தி. மணிமொழியிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. "எழிலுன்னுதான் வருவாரு. தெருமொனையிலேயே எழிலுன்னு கூப்ட்டுக்கினுதான் வருவாரு."

கையை எடுத்தாள். இரண்டு அடி பின்னால் வந்தாள். பிறகு கதவைப் பார்த்து, "போயி..." என்று ஆரம்பித்தாள்.

வீட்டு வாசலில் நிற்கிற யாரையும் நம் சனம் வெறுமனே போகச் சொல்லாது. பிடிக்காதவனாக இருந்தாலும், பால் ஊற்ற வந்தவனாக இருந்தாலும், வாயில் தானாக வருவது 'போயிட்டு வா' என்பதுதான். பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன சொல். அதில் பாதி பாப்பாத்தியின் வாயில் வந்துவிட்டது. அதன் கடைசியில் இருப்பது வா. கூப்பிடுகிற சொல்.

மணிமொழி அவள் வாயைப் பொத்தினாள்.

பாப்பாத்திக்குப் புரிந்தது. அந்தக் கையை மெல்ல விலக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றரை வருஷமாகப் புருஷனுக்கும் ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டவள், கதவைப் பார்த்து ஒரே எழுத்தைச் சொன்னாள்.

"போ."

எழில்மதி எழுந்து வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தானும் சொன்னாள். "போ."

அதற்கப்புறம் அவர்கள் மூன்று பேரும் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார்கள். குழம்பு அடிப்பிடித்து நாறியது, யாரும் இறக்கவில்லை. ஒன்பது மணிக்கு மூட்டம் விலகி, ஓட்டுச் சந்தில் வெயில் விழுந்த பிறகு, வெளியே சின்னக்கண்ணு, "ஏம்மா, பாலு வேணாமா? கதவ மூடிக்கினு இன்னா பண்றீங்க?" என்று கத்தினான். அவன் கூடவே அவன் நாயும் குரைத்தது. நாய் குரைத்ததைக் கேட்ட பிறகுதான் பாப்பாத்தி தாழ்ப்பாளை எடுத்தாள்.

வாசல் மண் முழுக்கப் பனியில் நனைந்து கருத்திருந்தது. கதவை ஒட்டி, ஒரு ஆள் குந்தி உட்காருகிற அகலத்துக்கு மட்டும், மண் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. ராத்திரி பனி இறங்குவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்த மாதிரி. கதவு திறந்துதான் கிடந்தது. ராத்திரி முழுக்க உள்ளே விளக்கு எரிந்தது, பாப்பாத்தி விழித்துக்கொண்டு அதே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் அவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

சின்னக்கண்ணு அந்த இடத்தைப் பார்த்தான். அவனுடைய நாய் அதைச் சுற்றிக்கொண்டு போனது. அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் பேசவில்லை.

எட்டாம் நாள் தங்கதுரை வந்தான். ஆந்திராவில் ஏதோ ஊரில் செங்கல் சூளையில் ஒளிந்து வேலை செய்தவன், மனசு கேட்காமல் திரும்பிவிட்டான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். டீக்கடை பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் முன்னால் பாப்பாத்தி போய் நின்றாள். மணிமொழியும் கூட இருந்தாள்.

"எந்த மாசம்?" என்று கேட்டாள் பாப்பாத்தி. உயிரோடு இருக்கிறானா என்று கேட்கவில்லை.

"போன வருசம் ஐப்பசி அண்ணி. மழ. காச்ச. மருந்துக்கு வழியில்ல, வெளிய வந்தா புடிச்சிக்குவாங்க. பாறச் சந்துல வெச்சு நான் ஒருத்தனாத்தான் கல்ல அடுக்கினேன்."

"இன்னா சொன்னாரு?"

தங்கதுரை நிமிரவில்லை. "வூட்டுக்குப் போவணும், குளுருதுன்னு அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு." டீ கிளாசைத் தள்ளி வைத்தான். "கல்ல அடுக்கி முடிச்ச பொறவும் கேட்டுச்சு அண்ணி. செத்துட்டாருன்னுதான் வெச்சேன். மூச்சு இல்ல, நான் பாத்தேன். சத்தியமாப் பாத்தேன். ஆனா கேட்டுச்சு. அதான் ஓடிட்டேன். அதான் ஊரு பக்கமே வரல."

சின்னக்கண்ணு பால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினான்.

அடுத்த வாரம் காரியம் நடந்தது. பாப்பாத்தியே நாள் சொன்னாள். உடம்பு இல்லாததால் தர்ப்பையில் ஆள் செய்து எரித்தார்கள். அந்தக் கொடியில் அதற்கப்புறம் பிள்ளைகள் மாட்டாத எதுவும் இருந்ததில்லை. காணாமல் போன மூடிகள் கடைசிவரை கிடைக்கவில்லை. எழுதியது யார், கதவுக்கு வெளியே நின்றது யார், இரண்டும் ஒன்றேதானா என்று மணிமொழி எத்தனையோ தடவை யோசித்துவிட்டாள். வெற்றிவேல், "கீழ சின்னசேலத்துக்கே போயிடலாம், மில்லுல இன்னும் ஆளு எடுக்கறாங்க" என்றான். அவள் போகவில்லை. பதினேழு பிள்ளைகளுக்கும் இன்னும் கொம்பு நடத்த வேண்டியிருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு முடிந்ததும் பாப்பாத்தி வீட்டுக்குப் போவாள். சாமைக்களி, கீரை, கொஞ்சம் ஊர்க்கதை. பொழுது சாய்வதற்குள் எழுந்துவிடுவாள். கிளம்புகிற நேரத்தில் பாப்பாத்தி ஒன்றும் சொல்வதில்லை. யார் வந்து போனாலும் அவள் இப்போது அப்படித்தான். சட்டென்று உள்ளே திரும்பி, எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுவாள். புதிதாக வருகிற சொந்தக்காரர்கள், மரியாதை தெரியாத பொம்பளை என்று மனத்தாங்கலோடு போகிறார்கள்.

மணிமொழிக்கு மனத்தாங்கல் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் வாசலிலேயே நிற்பாள். கேட்ட பிறகுதான் இறங்குவாள்.